வாஷிங்டன் விவசாயியா, பண்ணையாரா? மவுண்ட் வெர்னன் போய் வந்தவர்கள் கேட்ட கேள்விகள்

வர்ஜீனியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் மவுண்ட் வெர்னனுக்கு அழைத்துப் போவேன். ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த வீடும் பண்ணையும் அங்கேதான், பொட்டோமாக் ஆற்றங்கரையில். அப்பா அம்மா, மாமனார், பெரியம்மா, கூடப் படித்தவர்கள் என்று எத்தனையோ பேரோடு போயாகிவிட்டது. ஆட்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக அதேதான். காரில் திரும்பும்போது பாதி பதில் சொல்வதற்குள் வீடு வந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

வாஷிங்டன் என்றால் முதல் ஜனாதிபதி. பட்டாளம், பண்ணை எல்லாம் எங்கிருந்து வந்தது?

ஜனாதிபதியாக இருந்தது எட்டே வருடம், 1789 முதல் 1797 வரை. அவர் வாழ்ந்தது 67 வருடம். அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த வர்ஜீனியாவில் 1732-இல் பிறந்தார். 21 வயதில் காலனிப் படையில் அதிகாரி. 26 வயதில் அதை விட்டுவிட்டுப் பண்ணைக்கு வந்தார். அடுத்த 16 வருடம் பண்ணையையும் வர்ஜீனியா சட்டமன்ற வேலையையும் சேர்த்துப் பார்த்தார். 43 வயதில் மறுபடி படை, இந்த முறை பிரிட்டிஷ் அரசருக்கு எதிராக. எட்டு வருடம் கழித்து மறுபடி பண்ணை. அப்புறம்தான் ஜனாதிபதி பதவி. அதையும் முடித்துவிட்டுக் கடைசியாகப் பண்ணைக்கே வந்தார்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது இதில் பின்பாதியைத்தான். முன்பாதி தெரியாமல் பின்பாதி புரியாது என்பது என் எண்ணம். அதனால் இங்கே முன்பாதிக்கே அதிக இடம்.

காலனிச் சிப்பாய் என்றால் பிரிட்டிஷ் ராணுவம்தானே?

இல்லை. இந்த வித்தியாசம்தான் அவர் வாழ்க்கையையே திருப்பியது. அன்று இரண்டு வகைப் படைகள் இருந்தன. ஒன்று அரசரின் படை. லண்டனிலிருந்து வரும், சிவப்புச் சட்டை. இன்னொன்று அந்தந்தக் காலனி தன் செலவில் திரட்டும் படை. வாஷிங்டன் இருந்த வர்ஜீனியா படைக்கு நீலச் சட்டை.

சட்டை நிறத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. காலனி அதிகாரிக்குச் சம்பளம் குறைவு. பதவியும் அப்படித்தான்: அரசரிடம் நியமனம் பெற்ற ஒரு கேப்டன், காலனியின் கர்னலுக்கே உத்தரவு போடலாம். வாஷிங்டன் கர்னல். தன்னைவிடக் கீழ்ப்படியில் இருப்பவனுக்குக் கைகட்டி நிற்க வேண்டும் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. 1754 கடைசியில் இதற்காகவே ஒரு முறை பதவியைத் தூக்கிப் போட்டார். 1756 பிப்ரவரியில், கடும் குளிரில், இதே பிரச்சினைக்காக பாஸ்டன் வரை குதிரையில் போய்த் தலைமைத் தளபதியிடம் முறையிட்டார். அரசரின் படையில் நியமனம் வேண்டும் என்று பலமுறை கேட்டுப் பார்த்தார். கடைசி வரை கிடைக்கவே இல்லை.

இருபத்தோரு வயசுப் பையனை நம்பி எப்படிப் படை கொடுத்தார்கள்?

கொஞ்சம் சொந்தபந்தம், கொஞ்சம் திறமை. வாஷிங்டனுக்கு 11 வயதில் அப்பா போய்விட்டார். கல்லூரிப் படிப்பு கிடையாது. 14 வயது மூத்த அண்ணன் லாரன்ஸ், அப்பாவின் முதல் தாரத்து மகன், இவருக்கு அப்பா ஸ்தானத்தில் இருந்தார். லாரன்ஸ் அட்மிரல் வெர்னனின் கீழ் போருக்குப் போய் வந்தவர். வீட்டுக்கு அந்த அட்மிரலின் பெயரைத்தான் வைத்தார். பெரிய நிலப்பிரபுக்களான ஃபேர்ஃபாக்ஸ் குடும்பத்தில் பெண் எடுத்தவர். அந்தத் தொடர்பில் தம்பிக்கு நில அளவை வேலை கிடைத்தது. 17 வயதில் கல்பெப்பர் மாவட்ட சர்வேயர். காடு, மலை, ஆறு எல்லாம் காலில் நடந்தே பழக்கமாயிற்று.

அண்ணன் காசநோயில் 1752-இல் இறந்தார். அவர் வகித்த படைப் பதவியில் ஒரு பங்கை இவர் கேட்டு வாங்கினார். 1753 குளிர்காலத்தில், ஓஹையோ பக்கம் கோட்டை கட்டிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்காரர்களிடம் 'எங்கள் இடத்தை விட்டுப் போங்கள்' என்று கடிதம் கொண்டுபோக ஆள் தேவைப்பட்டது. இவர் தானாகப் போகிறேன் என்றார். பிரெஞ்சுக்காரர்கள் மரியாதையாக உபசரித்து, முடியாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பயணக் குறிப்பை வர்ஜீனியா கவர்னர் அச்சடித்து வெளியிட்டார். அதில் பெயர் பரவியது.

முதல் சண்டையிலேயே தோற்றாராமே?

முதல் மோதலில் ஜெயித்தார். அதுதான் பெரிய வினையாக முடிந்தது. 1754 மே 28-ஆம் தேதி காலை, இன்றைய பென்சில்வேனியாவில் ஒரு பாறைச் சரிவில், 40 ஆட்களோடும் தனாகரிசன் என்ற பூர்வகுடித் தலைவரின் வீரர்களோடும் ஒரு சிறு பிரெஞ்சுக் குழுவைச் சுற்றி வளைத்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. ஜுமோன்வில் என்ற பிரெஞ்சு அதிகாரி செத்துப்போனார். நாங்கள் சண்டைக்கு வரவில்லை, தூதுதான் வந்தோம் என்றார்கள் பிரெஞ்சுக்காரர்கள்.

பழிவாங்க வந்த படையை நடத்தியது ஜுமோன்வில்லின் சகோதரர். வாஷிங்டன் அவசரமாக ஒரு புல்வெளிப் பள்ளத்தில் மரக்கட்டைகளை நட்டு வட்டமாக ஒரு கோட்டை எழுப்பியிருந்தார். ஜூலை 3, நாள் முழுக்க மழை. அகழியில் தண்ணீர், வெடிமருந்து நனைந்து போயிற்று. சுற்றியிருந்த மேட்டிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் சுட்டார்கள். இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில், நனைந்த தாளில் சரணாகதிப் பத்திரம் வந்தது. பிரெஞ்சு மொழி இவருக்குத் தெரியாது. டச்சுக்காரரான மொழிபெயர்ப்பாளர் படித்துச் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்டார். ஜுமோன்வில்லை 'படுகொலை' செய்ததாக அதில் இருந்தது. 22 வயதில், தெரியாத மொழியில், கொலைப் பழியை எழுத்தில் ஏற்றுக்கொண்டுவிட்டார். அவர் வாழ்நாளில் சரணடைந்தது அந்த ஒரு தடவைதான்.

இங்கே தொடங்கிய தகராறுதான் பின்னால் ஏழாண்டுப் போர் என்று உலகம் முழுக்கப் பரவியது. 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதும், அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்ததும் இதே போரின் இன்னொரு முனை. திருவண்ணாமலைப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது சரிவில் நின்றபடியே கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்படித் தோற்றவருக்கு நல்ல பேர் எப்படி வந்தது?

இன்னொரு தோல்வியில். 1755 ஜூலை 9, மொனோங்கஹேலா ஆற்றங்கரை. ஜெனரல் பிராடக் தலைமையில் அரசரின் படை பிரெஞ்சுக் கோட்டையைப் பிடிக்கப் போகிறது. வாஷிங்டனுக்குப் பதவி கிடையாது. ஜெனரலுக்கு உதவியாளாகச் சம்பளம் இல்லாமல் போனார். வயிற்றுக்கடுப்பும் காய்ச்சலும் வந்து தேறாத உடம்பு, சேணத்தின்மேல் தலையணை வைத்துக் குதிரையில் உட்கார்ந்திருந்தார். காட்டுக்குள்ளிருந்து குண்டுமழை. 1,300-க்கு மேற்பட்டவர்களில் சுமார் 900 பேர் செத்தார்கள் அல்லது காயம்பட்டார்கள். கூட இருந்த உதவி அதிகாரிகள் எல்லோரும் விழுந்தார்கள். இவருடைய இரண்டு குதிரைகள் சுடப்பட்டன, கோட்டில் நான்கு குண்டு ஓட்டைகள், உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஜெனரல் காயத்தில் இறந்ததும், அவரைப் பாதையிலேயே புதைத்து, எதிரி தோண்டிவிடாதபடி மேலே வண்டிகளை ஓட்டித் தடயத்தை மறைக்கச் செய்தார்.

ஓடிப்போகாமல் நின்று மிச்சப் படையைக் கூட்டிக்கொண்டு வந்தவர் என்று பெயர் வந்தது. அடுத்த மாதமே வர்ஜீனியாப் படை முழுவதற்கும் தலைவர், வயது 23. மூன்று வருடம் நீண்ட எல்லையை மிகக் குறைந்த ஆட்களை வைத்துக்கொண்டு காத்தார். படைக்குச் சோறு, செருப்பு, சம்பளம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அப்போது கற்றதுதான் 20 வருடம் கழித்து அவருக்கு உதவியது.

அப்புறம் ஏன் பட்டாளத்தை விட்டார்? பணக்கார விதவையைக் கட்டிக்கொண்டதாலா?

இரண்டும் ஒரே சமயத்தில் நடந்தன. 1758 நவம்பரில் பிரெஞ்சுக் கோட்டை கையில் வந்தது. வர்ஜீனியாவுக்கு ஆபத்து நீங்கியது. மேலே சொன்ன அரசர் நியமனம் வராது என்பதும் தெளிவாகிவிட்டது. டிசம்பரில் விலகினார். 1759 ஜனவரி 6-ஆம் தேதி மார்த்தா கஸ்டிஸைத் திருமணம் செய்தார். கணவரை இழந்தவர், நான்கு வயது மகனும் இரண்டு வயது மகளும் இருந்தார்கள். வர்ஜீனியாவின் பெரிய சொத்துக்களில் ஒன்று அவர் குடும்பத்தினுடையது. மார்த்தாவின் பங்காக நிலமும் 80-க்கு மேற்பட்ட அடிமைகளும் வந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதுவே பெரிய சிக்கல்.

வாஷிங்டனுக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை. மார்த்தாவின் மகள் வலிப்பு நோயால் 1773-இல் இறந்தாள். மகன் 1781-இல் போர் முகாமில் காய்ச்சல் கண்டு இறந்தான்.

இவரை விவசாயி என்று சொல்லலாமா? ஏர் பிடித்தவரா?

தஞ்சாவூர்க்காரரான என் மாமனார் பண்ணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னார்: "மிராசுதார்." அதுதான் சரியான வார்த்தை. நம் பேச்சில் உழவர் வேறு, பண்ணையார் வேறு. வாஷிங்டன் பண்ணையார். கடைசிக் காலத்தில் ஐந்து பண்ணைகள், கிட்டத்தட்ட 8,000 ஏக்கர். உழுதவர்கள், விதைத்தவர்கள், அறுத்தவர்கள் எல்லாம் அடிமைகள்.

ஆனால் வீட்டில் உட்கார்ந்து குத்தகை வாங்கிய பண்ணையார் என்று நினைத்துவிட வேண்டாம். மண்ணில் அவருக்கு நிஜமான ஆசை இருந்தது. 1760 ஏப்ரல் 14-ஆம் தேதி நாட்குறிப்பைப் பாருங்கள். ஒரு பெட்டியில் பத்து அறைகள் தடுத்து, ஒரே மண்ணைப் போட்டு, ஒவ்வொன்றிலும் வேறு வேறு எருவைக் கலந்தார்: குதிரைச் சாணம், ஆட்டுப் புழுக்கை, ஓடை வண்டல் என்று. ஒவ்வோர் அறையிலும் மூன்று மணி கோதுமை, மூன்று மணி ஓட்ஸ், மூன்று மணி பார்லி. எல்லாம் ஒரே ஆழத்தில். அப்புறம் எது முந்தி முளைக்கிறது, எது தழைக்கிறது என்று பார்த்துக் குறித்தார். அதே வருடம் கொல்லர் பீட்டரோடு சேர்ந்து தானே யோசித்த ஒரு கலப்பையைச் செய்தார். பீட்டர் ஓர் அடிமை.

இன்னொரு பக்கமும் அதே நாட்குறிப்பில் இருக்கிறது. அதே 1760 பிப்ரவரியில், நான்கு தச்சர்கள் மரம் செதுக்குவதைப் பக்கத்தில் உட்கார்ந்து நேரம் பார்த்துக் கணக்கெடுத்தார். தான் இல்லாதபோது செய்ததைவிட எத்தனையோ மடங்கு வேலை நடந்தது என்று கண்டார். கூலி இல்லாதவன் ஏன் வேகமாகச் செதுக்கப் போகிறான்? எருவுக்குப் பத்து அறை போட்டுச் சோதித்த மனிதர் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளப் பல வருடம் ஆயிற்று.

புகையிலையை விட்டுக் கோதுமைக்கு ஏன் மாறினார்?

கடன். வர்ஜீனியாப் பண்ணையார்கள் புகையிலையை லண்டன் கமிஷன் வியாபாரிக்கு அனுப்புவார்கள். அவர் விற்று, கமிஷன் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குத் துணி, நாற்காலி, ஒயின், குதிரை வண்டி என்று இவர்கள் கேட்டதை வாங்கி அனுப்புவார். விலை இரண்டு பக்கமும் அவர் கையில். பொட்டோமாக் கரை மண்ணில் உயர்ந்த ரகப் புகையிலை வரவும் இல்லை. மண்ணையும் அது உறிஞ்சிவிடும். 1764 வாக்கில் வாஷிங்டன் லண்டனுக்குச் சுமார் 1,800 பவுண்டு பாக்கி. கரும்பு ஆலைக்கோ பருத்திக் கமிஷன் மண்டிக்கோ கடன்பட்ட குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1766 வாக்கில் மவுண்ட் வெர்னனில் புகையிலையை விட்டார். கோதுமையைப் பக்கத்து ஊர் அலெக்ஸாண்ட்ரியாவிலேயே விற்கலாம். சொந்த ஆலையில் மாவாக்கினால் இன்னும் லாபம். ஆற்றில் வசந்தகாலத்தில் ஏறி வரும் மீனை லட்சக்கணக்கில் பிடித்து உப்புப் போட்டுப் பீப்பாயில் விற்றார். லண்டன் வியாபாரியின் பிடியிலிருந்து பண்ணையை அவர் விடுவித்தது நாட்டை விடுவிப்பதற்குப் பத்து வருடம் முன்னால்.

வட்டமாக ஒரு மரக் கட்டடம் இருக்கிறதே, கோயில் மண்டபம் மாதிரி?

பெரியம்மா கேட்டது. அது போரடிக்கும் களம். வட்டம் போலத் தெரிந்தாலும் 16 பக்கம். இப்போது இருப்பது பழையதைப் பார்த்துத் திரும்பக் கட்டியது. நம்மூரில் களத்தில் கதிரைப் பரப்பி மாட்டைச் சுற்றி ஓட்டுவோமே, அதையே மாடியில் குதிரையை வைத்துச் செய்தார். திறந்த வெளியில் மிதித்தால் மழை வந்தால் போயிற்று, மண்ணும் சாணியும் கலக்கும், திருட்டும் போகும். இங்கே மாடித் தரையின் சட்டங்களுக்கு இடையே ஒன்றரை அங்குலம் வரை இடைவெளி. குதிரை மிதிக்க மிதிக்க மணி மட்டும் கீழே உதிரும், வைக்கோல் மேலே நிற்கும். ஜனாதிபதியாக இருந்தபோதே வரைபடம் போட்டு, செங்கல்லும் மரமும் எவ்வளவு வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

மரச் சட்டங்களின்மேல் குதிரை சுற்றும் சத்தத்தை ஒரு முறை கேட்டுவிட்டு பெரியம்மா அங்கிருந்து நகரவே இல்லை.

கோவேறு கழுதையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் இவர்தானா?

முதலில் கொண்டுவந்தவர் என்று சொல்ல முடியாது. பரவச் செய்தவர் என்று சொல்லலாம். குதிரையைவிடக் குறைவாகத் தின்று அதிகம் உழைக்கும் என்று ஆசைப்பட்டார். ஸ்பெயின் தன் நல்ல ஆண் கழுதைகளை வெளியே விடாது. 1785-இல் ஸ்பெயின் அரசரே ஒன்றைப் பரிசாக அனுப்பினார். 'ராயல் கிஃப்ட்' என்றே அதற்குப் பெயர். வாஷிங்டன் இறக்கும்போது பண்ணையில் 50-க்கு மேற்பட்ட கோவேறு கழுதைகள்.

சாராயம் காய்ச்சி ஓட்டு வாங்கினார் என்கிறார்களே?

இரண்டு வேறு விஷயங்களைக் கலந்து சொல்கிறார்கள். ஓட்டுக்குச் சாராயம் 1758-இல், காய்ச்சியது 1797-இல்.

1755 வர்ஜீனியா சட்டமன்றத் தேர்தலில் இவருக்கு விழுந்தது 40 ஓட்டு, படுதோல்வி. 1758-இல் திரும்ப நின்றார். ஊரில் இல்லை, எல்லையில் படையோடு இருந்தார். நண்பர்கள் தேர்தலை நடத்தினார்கள். ரம், பஞ்ச், ஒயின், பீர், சைடர் எல்லாம் சேர்த்து சுமார் 160 காலன், அதாவது 600 லிட்டர். ஓட்டுப் போட்டவர்கள் 400 பேருக்கும் குறைவு. ரகசிய ஓட்டு கிடையாது. வேட்பாளர் பெயரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். நிலம் வைத்திருந்த ஆண்களுக்குத்தான் ஓட்டு. முதலிடத்தில் ஜெயித்தார். பில் வந்தபோது, எனக்கு எதிராக ஓட்டுப் போட்டவர்களுக்கும் குறையில்லாமல் கொடுத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன் என்று எழுதினார். அன்றைக்கு வர்ஜீனியாவில் எல்லா வேட்பாளரும் செய்ததுதான். அதற்காக நல்ல பழக்கம் ஆகிவிடாது.

காய்ச்சியது பதவியெல்லாம் முடிந்தபின். பண்ணை மேலாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் ஸ்காட்லாந்துக்காரர். கோதுமையைப் போன்ற ரை தானியமும் மக்காச்சோளமும் இருக்கிறது, காய்ச்சலாம் என்றார். 1799-இல் கிட்டத்தட்ட 11,000 காலன் விஸ்கி. நாட்டிலேயே பெரிய வடிசாலைகளில் ஒன்று. அங்கே வேலை செய்தவர்களும் பெரும்பாலும் அடிமைகள்தான்.

சட்டமன்றத்தில் அத்தனை வருடம் என்ன பேசினார்?

மிகக் கொஞ்சம். கூட இருந்த ஜெஃபர்சன், அவர் ஒரு தடவையில் பத்து நிமிடம் பேசிக் கேட்டதில்லை என்று பின்னாளில் எழுதினார். மேடைப் பேச்சு இல்லாவிட்டால் அரசியல் இல்லை என்று வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். கமிட்டியில் உட்காருவார், மனுக்களைப் படிப்பார், படைவீரர்களின் சம்பளப் பாக்கிக்காக நிற்பார். 1769-இல் பிரிட்டிஷ் சரக்குகளை வாங்குவதில்லை என்ற தீர்மானத்தை, பக்கத்துப் பண்ணையார் ஜார்ஜ் மேசன் உதவியோடு கொண்டுபோனவர் இவர்தான்.

அரசருக்காகச் சண்டை போட்டவர் அரசருக்கு எதிராகத் திரும்பியது ஏன்?

பாடப்புத்தகத்தில் தேயிலை வரி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மேலே சொன்னவற்றைச் சேர்த்துப் பாருங்கள். படையில் தகுதி இருந்தும் காலனிக்காரன் என்பதால் கிடைக்காத நியமனம். பண்ணையில் லண்டன் வியாபாரியின் கணக்கு. மூன்றாவதாக நிலம்: 1754-இல் படையில் சேர்ந்தவர்களுக்கு மேற்கே 2,00,000 ஏக்கர் தருவதாக வர்ஜீனியா கவர்னர் அறிவித்திருந்தார். 1763-இல் அரசர் மலைக்கு மேற்கே யாரும் குடியேறக் கூடாது என்று கோடு கிழித்துவிட்டார். வாஷிங்டன் விடவில்லை, 1770-இல் நேரில் போய் இடம் பார்த்து, 20,000 ஏக்கருக்கு மேல் பெற்றார். நல்ல ஆற்றோர நிலத்தை அவரே எடுத்துக்கொண்டார் என்று கூட இருந்த சிலர் குறைப்பட்டார்கள். அந்த நிலம் பூர்வகுடிகளின் வேட்டை நிலம் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்களில் இரோக்வாய் மக்கள் அவருக்கு வைத்த பெயர் 'ஊரை அழிப்பவர்'. 1779-இல் அவர் உத்தரவில் படை போய் அவர்களுடைய ஊர்களையும் பயிரையும் எரித்தது.

ஆக, எங்களைச் சமமாக நடத்தவில்லை என்ற குறை அவருக்கு உள்ளே ஊறிக்கிடந்தது. 1765-இல் முத்திரை வரி வந்தபோதும், 1774-இல் பாஸ்டன் துறைமுகத்தை மூடியபோதும் அது வெளியே வந்தது. 1772-இல் முதன்முதலாகத் தன் படம் வரைய உட்கார்ந்தார். வயது 40, ஊரறிந்த பண்ணையார். ஆனால் அணிந்துகொண்டது, விட்டு 13 வருடம் ஆகிவிட்ட வர்ஜீனியாப் படையின் நீலச் சட்டையை. 1775-இல் காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய ஃபிலடெல்ஃபியா மாநாட்டுக்கும் சீருடையில்தான் போனார். ஜூன் 15-ஆம் தேதி காலனிகளின் படைக்குத் தலைமைத் தளபதி ஆனார். சம்பளம் வேண்டாம், செலவை மட்டும் கொடுங்கள் என்றார்.

யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸும் நம்மூர் கார்ன்வாலிஸும் ஒருவரா?

ஆமாம், ஒரே ஆள். வர்ஜீனியாவின் யார்க்டவுனில் நடந்தது சுதந்திரப் போரின் கடைசிப் பெரிய சண்டை, அங்கே பிரிட்டிஷ் தளபதி இவர். 1781 அக்டோபர் 19-ஆம் தேதி சரணடைந்த நாளில் உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்கத் துணைத் தளபதியை அனுப்பினார். வாஷிங்டன் தன் துணைத் தளபதியைக் காட்டி, அவரிடம் கொடுங்கள் என்றார். ஐந்து வருடத்தில் கார்ன்வாலிஸ் இந்தியாவுக்கு கவர்னர் ஜெனரல். திப்பு சுல்தானைத் தோற்கடித்து 1792-இல் திண்டுக்கல்லையும் சேலம் பக்கத்துப் பாராமகாலையும் கம்பெனிக்கு எடுத்தவர் அவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் அவர் சிலை நிற்கிறது. பீடத்தில் பணயமாகப் பிடிக்கப்பட்ட திப்புவின் பிள்ளைகள்.

அந்த வீட்டில் எத்தனை அடிமைகள் இருந்தார்கள்?

1799 கணக்குப்படி 317 பேர். அதில் 123 பேர் வாஷிங்டனுக்குச் சொந்தம். 153 பேர் மார்த்தாவின் முதல் கணவர் சொத்து. மீதி வாடகைக்கு எடுத்தவர்கள். வாஷிங்டன் 11 வயதில் அப்பா சொத்தாக 10 பேரைப் பெற்றார், அங்கே தொடங்கியது. வாரத்துக்கு ஆறு நாள், பொழுது விடிவதிலிருந்து அடையும்வரை வேலை. சாப்பாடு சோள மாவும் உப்பு மீனும்.

வீடு வெளியிலிருந்து கல் வீடு போலத் தெரியும். தொட்டுப் பாருங்கள், மரப்பலகை. பெயின்ட் ஈரமாக இருக்கும்போது மணலை வீசிக் கல்லாகக் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கைவேலையைப் பார்த்து எல்லோரும் வியப்பார்கள். கல்லறைக்குப் பக்கத்தில் அடிமைகளைப் புதைத்த இடம் ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லாத குழிகள். அங்கேயும் கட்டாயம் அழைத்துப் போவேன்.

அந்தக் காலத்து வழக்கம் என்று விட்டுவிடலாமே?

என்னால் முடியவில்லை. அது தப்பு என்று அந்தக் காலத்திலேயே சொன்னவர்கள் இருந்தார்கள். பென்சில்வேனியா 1780-இலேயே படிப்படியாக ஒழிக்கும் சட்டம் போட்டது. வெளியிலிருந்து வந்து குடியிருப்பவரின் அடிமை அங்கே ஆறு மாதம் தொடர்ந்து இருந்தால் விடுதலை கேட்கலாம். ஜனாதிபதியாக ஃபிலடெல்ஃபியாவில் இருந்த வாஷிங்டன், ஆறு மாதம் முடியும் முன் அவர்களை மாற்றி மாற்றி வெளியே அனுப்பினார். வெளியே தெரியாமல் செய்யச் சொன்னார். தெரிந்துதான் செய்தார்.

ஓனா ஜட்ஜ் என்ற பெண்ணின் கதையை எல்லோரிடமும் சொல்வேன். மார்த்தாவுக்குத் துணிமணி தைத்து, கூடவே இருந்தவள். வயது இருபத்திரண்டு இருக்கும். தன்னை மார்த்தாவின் பேத்திக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தது. 1796 மே மாதம், வீட்டார் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வாசலைத் தாண்டிப் போய்க் கப்பல் ஏறினாள். நியூ ஹாம்ப்ஷயரில் போர்ட்ஸ்மவுத் போய்ச் சேர்ந்தாள். ஜனாதிபதி ஆள் வைத்துத் தேடினார். உங்கள் இருவர் காலத்துக்குப் பின் விடுதலை என்று வாக்குக் கொடுத்தால் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். பேரம் பேச முடியாது என்று மறுத்தார். அவள் திரும்பவே இல்லை. 1848 வரை, சட்டப்படி தப்பியோடிய அடிமையாக, ஏழ்மையில், ஆனால் தன் காலில் வாழ்ந்தாள்.

சாகும்போது எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்தானே?

தன் 123 பேரை மட்டும். 1799 ஜூலையில் தன் கையால் எழுதிய உயிலில், மார்த்தாவின் காலத்துக்குப் பின் அவர்களுக்கு விடுதலை. வயதானவர்களுக்குச் சோறும் துணியும். பெற்றோர் இல்லாத பிள்ளைகளுக்குப் படிப்பும் தொழிலும் என்று எழுதினார். போர் முழுவதும் கூடவே குதிரையில் வந்த வில்லியம் லீக்கு மட்டும் உடனே விடுதலை, வருடம் 30 டாலர். மார்த்தா காத்திருக்காமல் 1801 ஜனவரி 1-ஆம் தேதியே விடுவித்தார்.

திருமணப் பதிலில் நினைவில் வைக்கச் சொன்ன சிக்கல் இங்கே வருகிறது. 153 பேர் மார்த்தாவின் முதல் கணவர் குடும்பத்துச் சொத்து. அவர்களை விடுவிக்கச் சட்டப்படி இருவருக்கும் உரிமை இல்லை. 40 வருடத்தில் இரண்டு தரப்பாரும் ஒருவரையொருவர் மணந்து பிள்ளை பெற்றிருந்தார்கள். புருஷனுக்கு விடுதலை, பெண்டாட்டி பிள்ளைக்கு இல்லை. மார்த்தா 1802-இல் இறந்ததும் அந்த 153 பேர் பேரப்பிள்ளைகள் நான்கு பேருக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். விடுதலை வந்த நாளில் எத்தனை குடும்பம் உடைந்தது என்று யோசித்தால் மனசு கனத்துவிடும்.

மரப்பல் கட்டியிருந்தாராமே? செர்ரி மரம் வெட்டியது?

செர்ரி மரக் கதை, அவர் இறந்தபின் வீம்ஸ் என்ற பாதிரியார் எழுதிச் சேர்த்தது. பல் செட் மரம் இல்லை. தந்தம், உலோகம், மனிதப் பல். 1784-இல் அடிமைகளிடம் ஒன்பது பல் வாங்கியதற்குப் பணம் கொடுத்ததாகக் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

ராஜாவாகவே இருந்திருக்கலாம், ஏன் விட்டுவிட்டு வந்தார்?

1782-இல் ஓர் அதிகாரி அப்படி யோசனை சொல்லிக் கடிதம் எழுதினார்; கடுமையாகத் திட்டிப் பதில் போட்டார். 1783 டிசம்பர் 23-ஆம் தேதி அனாபொலிஸில் தளபதிப் பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வீடு வந்தார். ஜெயித்த தளபதி படையைக் கலைத்துவிட்டு வயலுக்குப் போவது உலகம் அதிகம் பார்க்காதது. இந்த ஒன்றுக்காக அவரை நான் மனதார மதிக்கிறேன், ஓனாவை மறக்காமலே.

பண்ணைக்குத் திரும்பினால் நிலம் நிறைய, கையில் காசு இல்லை. 1789-இல் ஜனாதிபதியாகப் பதவியேற்க நியூயார்க் போவதற்கே அலெக்ஸாண்ட்ரியாவில் ஒருவரிடம் 600 பவுண்டு கடன் வாங்கினார். பதவியில் இருந்த எட்டு வருடமும் மேலாளருக்கு வாரம்தோறும் கடிதம்: எந்த வயலில் எது, எந்த மாடு ஈன்றது, யார் வேலைக்கு வரவில்லை. மூன்றாவது முறை நிற்கவில்லை.

எப்படி இறந்தார்?

1799 டிசம்பர் 12. பனியும் ஆலங்கட்டியும் மழையும் மாறி மாறிப் பெய்தது. வழக்கம்போலக் குதிரையில் பண்ணைகளைச் சுற்றி வந்தார், ஐந்து மணி நேரம். கழுத்தெல்லாம் நனைந்து, முடியில் பனி ஒட்டியிருந்தது. உடை மாற்றாமலே சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் தொண்டை வலி. அப்போதும் மாலையில் வெளியே போய் வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போட்டார். அன்று இரவு மூச்சு அடைத்தது. அந்தக் கால வைத்தியப்படி நான்கு முறை ரத்தம் எடுத்தார்கள், இரண்டு லிட்டருக்கு மேல். 14-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு மேல் உயிர் பிரிந்தது.

13-ஆம் தேதி நாட்குறிப்பில் அன்றைய காற்றும் வெப்பநிலையும் எழுதியிருக்கிறார். இரவு 28 டிகிரி ஃபாரன்ஹீட். அதே நாள் மேலாளர் ஆண்டர்சனுக்குக் கடிதம் ஒன்றும் எழுதினார். அதுதான் கடைசிக் கடிதம். யூனியன் பண்ணையில் நேற்றுப் பார்த்த மாட்டுப்பட்டியில் மாடுகளை ஒரு வாரம் அடைத்து வைத்தால் ஒன்றுகூட மிஞ்சாது என்று அதில் இருக்கிறது.